பார்ட்னரோடு டிசைன் ஆபீஸ்: பெங்களூரிலிருந்து கேள்வி பதில்

இந்திராநகரில் கல்லூரி நண்பரோடு சேர்ந்து ஆபீஸ் நடத்துகிறேன். இருவரும் ஆர்க்கிடெக்ட். வீடு, நாற்காலி, கடை போர்டு, எது வந்தாலும் எடுப்போம். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஜெயநகர், கடைசி வருட மாணவி: அக்கா, கட்டடம் படித்துவிட்டு லோகோ, ஃபர்னிச்சர் என்று போனால் எதிலும் தேற மாட்டாய் என்கிறார் அப்பா.

அப்பாவிடம் மாசிமோ, லெல்லா விக்னெல்லி தம்பதியைப் பற்றிச் சொல்லும்மா. இருவரும் ஆர்க்கிடெக்சர் படித்த இத்தாலியர்கள். நியூயார்க்கில் குடியேறி, அடுக்கி வைக்கும் தட்டிலிருந்து தேவாலயத்தின் உள் அலங்காரம் வரை செய்தார்கள். 1972இல் வந்த நியூயார்க் சப்வே (சுரங்க ரயில்) வரைபடம் மாசிமோவுடையது. கோடுகள் நேராக ஓடும், இல்லையென்றால் 45 டிகிரியில் திரும்பும். அதற்காக நீளமான சென்ட்ரல் பார்க் பூங்காவைக்கூடச் சதுரமாக்கிவிட்டார். ஊர் திட்டியது, 1979இல் மாற்றிவிட்டார்கள். எனக்கு அந்த வரைபடம் உயிர், ஆனால் திட்டியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மடிவாளா, இன்டீரியர் டிசைனர்: ஆர்க்கிடெக்ட் நண்பரும் நானும் பார்ட்னர்ஷிப் போடுகிறோம். போர்டில் 'ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று போடலாமா மேடம்?

கூடாது. 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, எல்லா பார்ட்னரும் ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பட்டத்தைப் போடலாம். தடை பட்டத்துக்குத்தான், தொழிலுக்கு இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'டிசைன் ஸ்டூடியோ' என்று போட்டால் வம்பில்லை.

வைட்ஃபீல்டு, ஆர்க்கிடெக்ட்: இருவர் செய்த வேலைக்கு ஒருவருக்கே பேர் போகிறது. என்ன செய்வது?

பழைய வியாதி. 1991இல் ஆர்க்கிடெக்ட்களுக்கான பெரிய பரிசான பிரிட்ஸ்கரை ராபர்ட் வெஞ்சூரிக்கு மட்டும் கொடுத்தார்கள். மனைவியும் பார்ட்னருமான டெனிஸ் ஸ்காட் பிரவுனுக்கு இல்லை. அவரையும் சேர்க்கச் சொல்லி 2013இல் ஹார்வர்டு மாணவிகள் மனுப் போட்டார்கள், பரிசுக் குழு மறுத்துவிட்டது.

எங்களுக்கும் நடக்கும். சைட்டில் டிராயிங்கை விரித்து நான் விளக்கிக்கொண்டிருப்பேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, சார் வரட்டும்" என்பார். சார் வந்து, "வரைஞ்சது அவங்கதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இப்படிச் சொல்லும் பார்ட்னர் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு எழுத்து வேண்டும். ஒவ்வொரு டிராயிங் ஷீட்டின் டைட்டில் பிளாக்கிலும் (விவரங்கள் எழுதும் கட்டம்) வடிவமைத்தது யார், வரைந்தது யார், சரிபார்த்தது யார் என்று போடுங்கள். பத்திரிகைக்குப் படம் அனுப்பும்போதும் அதே வரிசைதான்.

அல்சூர், புதுமணத் தம்பதி: கணவன் மனைவி சேர்ந்து நடத்தலாமா?

தாராளமாக. சாப்பிடும்போது சைட் பேச்சு கூடாது என்று மட்டும் விதி போடாதீர்கள், இரண்டே நாளில் மீறுவீர்கள்.

பீன்யா, ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர்: நீங்கள் செய்யச் சொன்ன ஸ்டூலை வேறொருவர் காப்பியடித்தால்?

வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ் பதிவு செய்தால் 10 வருடம் பாதுகாப்பு, இன்னும் 5 வருடம் நீட்டலாம். பதிவுக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் புதுமை போச்சு, பதிவு கிடைக்காது. காப்பிரைட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம் அண்ணா, பதிவில்லாமல் 50க்கு மேல் தயாரித்தால் அதுவும் நிற்காது. அதனால்தான் உங்கள் பையன் எடுத்த போட்டோவை இன்னும் போட வேண்டாம் என்றேன்.