கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எப்படிச் செயலில் காட்டுவது?

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போவதாகவும், காணிக்கை கொடுப்பதாகவும், ஆனாலும் திங்கள் முதல் சனி வரை உங்கள் விசுவாசம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பதில் எங்கள் கடைத் தராசில் தொடங்குகிறது. ஆகவே அதையே சொல்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் தகப்பனார் பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்கி விற்றார்; அவருக்குப் பின் நான் அதைச் செய்கிறேன். பதநீர்க் காலத்தில் ஒரு பனையேறி 30, 40 மரங்களில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். அவருடைய மனைவி விடிலி என்னும் பதநீர் காய்ச்சும் குடிசையின் புகைக்குள் நின்று அதைக் காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார். அது எங்கள் கடைக்கு வரும்போது, ஈரம் காய்ந்தால் எடை குறையும் என்று சொல்லி, 10 கிலோவுக்கு அரைக் கிலோ கழித்தே கணக்கெழுதுவோம். கல்லைப் போல் காய்ந்து வந்த சரக்குக்கும் அதே கழிவுதான். முன்பணம் வாங்கியிருப்பதால் அவர்கள் வேறு கடைக்குக் கொண்டுபோகவும் முடியாது. இது வியாபார வழக்கம் என்றே நினைத்திருந்தேன். பாவம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அதே வீட்டில்தான் என் தாயார் பிடி அரிசி எடுத்து வைத்தார். உலையில் இடுவதற்கு அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். மிஞ்சியதைக் கொடுப்பது அல்ல, சாப்பாட்டிலேயே ஒரு பிடியைக் குறைத்துக்கொள்வது என்பதால் அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழகிய திருநெல்வேலிச் சபைகள்தான் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பின. வெள்ளாளன்விளையில் பிறந்து, அந்தச் சங்கத்தின் முதல் செயலாளராக இருந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவைப் பற்றி எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பெருமையோடு சொல்லிக்கொடுப்பார்கள்.

ஒரு நாள் வயதான ஓர் அம்மா கருப்பட்டி போட வந்திருந்தார். நான் கழிவைக் கழித்து எழுதிக்கொண்டிருந்தபோது, என் தாயார் அரிசிப் பையை ஆலயத்துக்குக் கொடுத்தனுப்புவதை அந்த அம்மா பார்த்தார். வெற்று ஓலைப்பெட்டியைத் தட்டிக்கொண்டே, "கோயிலுக்குப் போற அரிசியும் எங்க கழிவுலருந்துதான போவுது, அண்ணாச்சி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலிபீடத்தில் காணிக்கையை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பங்காளிச் சண்டைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன உறவுகளுக்கும் உரிய வசனம் என்றே அதுவரை வாசித்திருந்தேன். என்மேல் குறையுள்ள சகோதரி கூலிக் கணக்கோடு என் எதிரிலேயே நிற்கிறார் என்பது அன்றுதான் விளங்கியது.

பழைய நோட்டுகளை எடுத்து மூன்று வருடக் கழிவைக் கூட்டிப் பார்த்தேன். வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். எனக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய தொகையை அவர்களுடைய முன்பணப் பாக்கியில் கழித்து, பாக்கி இல்லாதவர்களுக்குக் கையில் கொடுத்தேன். கொடுக்கப் போனபோது நான் வெட்கப்பட்டேன்; வாங்கியவர்களில் சிலர் என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டது இன்னும் மனதை உறுத்துகிறது. இப்போது ஈரமான சரக்கு வந்தால் அதை உடைத்துக் காட்டி, விலையைப் பேசி முடித்த பிறகே எடை போடுகிறேன். சுமை இறக்குகிறவர்களின் கூலியைச் சனிக்கிழமை வரை நிறுத்திவைக்காமல் அன்றைக்கு அன்றே கொடுத்துவிடுகிறேன்.

ஆகவே, புதிதாக எந்த நற்செயலைத் தொடங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் வருமானம் யார் யார் கையைக் கடந்து உங்களிடம் வருகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத் தேதி, வாடகைக்கு இருப்பவருக்குத் திருப்பித் தர வேண்டிய முன்பணம், அலுவலகத்தில் இன்னொருவர் செய்து உங்கள் பெயரில் போன வேலை ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். நோயாளிகளைப் பார்க்கப் போவதும், ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்கு அரிசி கொடுப்பதும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் மிகவும் நல்லவை, அவற்றை நானும் என்னால் இயன்றவரை செய்கிறேன். ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு தர்மம் செய்வது எனக்கு இனி இயலாது.

என் தாயார் இறந்த பிறகு பிடி அரிசிப் பானையை என் மனைவி நிரப்புகிறார். தட்டுத் தராசு இருந்த இடத்தில் மின்னணுத் தராசு வந்துவிட்டது; அதன் எண்கள் கொண்டுவருபவரின் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அதனால் பேரனைக் கூட்டி வருகிறார். அவன் எண்ணை உரக்க வாசித்த பிறகுதான் நான் எழுதுகிறேன்.