கூன் விழுந்த முதுகு நிமிருமா? பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

ஈரோட்டில் பிசியோதெரபி பார்க்கிறேன். வயதானவர்களின் கூன், கழுத்து முன்னால் தள்ளிப்போவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் அப்பா அம்மாவுக்காகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பூர், 63 வயது: முப்பது வருசம் பனியன் கம்பெனியில டெய்லருங்க. குனிஞ்சே தைச்சுப் பழகி, இப்ப சும்மா நின்னாலும் முதுகு வளைஞ்சே நிக்குது. இனிமே நிமிருமாங்க?

ரெண்டு சோதனை செய்து பாருங்கள். குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் ஒட்ட நில்லுங்கள். மோவாயைத் தூக்காமல் பின்மண்டை சுவரில் படுகிறதா? படவில்லை என்றால் இடைவெளியில் எத்தனை விரல் நுழைகிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, தலையணை இல்லாமல் மல்லாந்து படுங்கள். படுத்ததும் தலை தரையில் படிந்துவிட்டால் முதுகில் இன்னும் இளக்கம் இருக்கிறது, நல்ல செய்தி. அப்போதும் தலை அந்தரத்தில் நின்றால் மூட்டுகள் இறுகியிருக்கின்றன. அதிலும் செய்ய வேலை உண்டு, ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நிமிரும்? 60 வயதுக்கு மேற்பட்ட கூன் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் முதுகுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பயிற்சி செய்யாதவர்களை விட வளைவு மூன்று டிகிரி போலக் குறைந்தது, அவ்வளவுதான். இருபது வயது முதுகு திரும்ப வராதுங்க. ஆனால் நான் பார்த்தவரை, அந்தக் கொஞ்சமே நடையிலும் மூச்சிலும் தெரிகிறது.

பலர் தோளைப் பின்னால் இழுத்து விறைப்பாக நிற்கிறார்கள். ரெண்டு நிமிடம்கூடத் தாங்காது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைக்கு வலு ஏற்றாமல் நினைப்பால் மட்டும் நிமிர முடியாது. கோரைப்பாயில் குப்புறப் படுத்து, நெற்றிக்குக் கீழே மடித்த துண்டு வையுங்கள். கைகள் உடம்போடு இருக்கட்டும். தோள்பட்டை எலும்பு ரெண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, நெற்றி துண்டிலிருந்து ஒரு விரல்கடை மட்டும் எழும்படி மேல்முதுகைத் தூக்குங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணிவிட்டு இறங்குங்கள். எட்டுப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். குப்புறப் படுக்க முடியாதவர்கள் சுவரில் சாய்ந்து நின்று, முழங்கையால் சுவரைப் பின்னோக்கி அழுத்தலாம். கூடவே, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். இடுப்பும் தொடையும் சோர்ந்தால் முதுகு தானாக முன்னே சாயும், அதற்குத்தான் இது.

கோபி: அம்மாவுக்கு 71 வயது. நல்ல உயரமா இருந்தவங்க, இப்ப என் தோளுக்குத்தான் வராங்க. டிவி பார்த்துக் காலையில குனிஞ்சு கால் விரலைத் தொடுறாங்க. நல்லதுதானுங்களே?

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இளவயதில் இருந்ததை விட நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்புக் கட்டை ஏதாவது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். பலருக்கு எலும்பு நசுங்கியது வலிகூட இல்லாமல் போய்விடும், "வயசானா கூன் விழத்தானே செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்புத் தேய்வு உள்ள பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு மேலும் எலும்பு நசுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் யாரையும் குனியச் சொல்ல எனக்கு மனசு வராது. தரையில் கிடக்கும் குடத்தை வளைந்து தூக்குவதும் இதே கணக்குதான்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுங்கள். அதில் வரும் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புத் தேய்வு என்று பொருள். மருந்தை டாக்டர் முடிவு செய்யட்டும், அவர் பார்த்த பிறகு பயிற்சி. ராகிக் களி தாராளமாகச் சாப்பிடட்டும், 100 கிராம் ராகி மாவில் 350 மில்லிகிராம் போலக் கால்சியம் இருக்கிறது. ஆனால் களி தின்றால் போதும், மாத்திரை வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பொள்ளாச்சி: கூன் நிமிர்த்துற பெல்ட் ஆன்லைன்ல விக்குது. அப்பாவுக்கு வாங்கட்டுங்களா?

வேண்டாம். கழற்றினால் பழையபடிதான். எலும்பு உடைந்தவர்களுக்கு டாக்டர் அளவெடுத்துத் தரும் பட்டை வேறு விஷயம்.

சென்னிமலை, 68 வயது: தறிப்பட்டறை வெச்சிருந்தேன். நூறடி நடந்தா ரெண்டு காலும் மரத்துப்போய் இழுக்குது, குனிஞ்சு நின்னா சரியாயிருது. சைக்கிள் எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகறதில்லைங்க. மகன் நிமிர்ந்து நடன்னு சண்டை போடறான்.

மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்தால் மரத்துப்போய், குனிந்தால் தெளிகிறது என்றால் இடுப்புப் பகுதியில் நரம்பு போகும் பாதை குறுகியிருக்கலாம். குனியும்போது அந்தப் பாதை சற்று அகலமாகும், சைக்கிளில் வலிக்காததும் அதனால்தான். உங்கள் குனிவு சோம்பல் இல்லை, உடம்பு தேடிக்கொண்ட வழி. மேலே சொன்ன பயிற்சிகளைத் தொடவேண்டாம். எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள், சைக்கிளை விடாதீர்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ கால் திடீரென வலுவிழந்தாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

தாராபுரம்: கயித்துக் கட்டிலை விட்டுப் பலகையில படுத்தா நிமிருங்களா?

தொட்டிலாகத் தொங்கும் கட்டில் என்றால் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள், போதும். கூன் உள்ளவரைத் தலையணை இல்லாமல் ராத்திரி முழுக்கப் படுக்க வைக்காதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். தலை பின்னால் தொங்காத அளவுக்கு உயரம் வேண்டும்.

பெருந்துறை: எங்க அப்பாருக்கு 76 வயது. பேப்பர் படிச்சா, செல் பார்த்தா தலை முன்னாடி போயிருது. சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம்.

சொல்வதை நிறுத்திவிட்டுக் கண்ணைக் காட்டுங்கள். கண்புரை இருந்தாலோ கண்ணாடி பழசாகிவிட்டாலோ யாரும் தலையை நீட்டித்தான் படிப்பார்கள். பிறகு நாற்காலி. இடுப்புக்குப் பின்னால் மடித்த துண்டு, பாதம் தரையில் முழுசாகப் பட வேண்டும், மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் பேப்பர். சாய்வு நாற்காலியில் சரிந்துகொண்டு செல் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், அதை மட்டும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிடுங்கள்.