நோட்டீஸ் ஒட்டி ஒண்ணும் நடக்கல, கதை சொன்னா நடக்குமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்ல அசோசியேஷன் செக்ரட்டரியா இருக்கேன். மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிச்சுப் போடச் சொல்லி லிஃப்ட்ல நோட்டீஸ், வாட்ஸப்ல மெசேஜ், எதுவும் எடுபடல. "இன்னும் பாதி வீடு பிரிக்கறதே இல்ல"ன்னு கூட போட்டுப் பாத்தாச்சு. கதையா சொன்னா கேப்பாங்கன்றாங்க. என்ன கதை சொல்றது?

பதில்: சார், முதல்ல அந்த "பாதி வீடு பிரிக்கறதில்ல" நோட்டீஸைக் கிழிச்சிடுங்க. அதுவும் ஒரு கதைதான், ஆனா 'யாரும் செய்யல, நீயும் செய்யாட்டி பரவால்ல'ங்கற கதை. அமெரிக்காவுல அரிசோனால நம்ம விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை மாதிரி, மரமெல்லாம் கல்லா மாறிப்போன ஒரு கல்மரக் காடு இருக்கு, வர்றவங்க துண்டு துண்டா எடுத்துட்டுப் போயிடுவாங்க. ராபர்ட் சியால்டினின்னு ஒரு உளவியல் பேராசிரியர் டீம் அங்க ரெண்டு விதமா போர்டு வெச்சுப் பாத்தாங்க. "முன்னாடி வந்த நிறைய பேர் எடுத்துட்டுப் போயிட்டாங்க"ன்னு வெச்சப்ப, அடையாளம் போட்டு வெச்ச துண்டுகள்ல கிட்டத்தட்ட 8 சதவீதம் காணாமப் போச்சு, சும்மா "எடுக்காதீங்க"ன்னு வெச்சப்ப 2 சதவீதம் கூட போகல.

அடுத்தது, பனிக்கரடி, பூமி அழியுதுங்கறதெல்லாம் வேண்டாம், கேட்டுட்டு உச்சு கொட்டிட்டு அதே கவர்லதான் போடுவாங்க. உங்க ஆறாவது மாடியிலேர்ந்து இறங்கற ஒரு கவரோட கதையைச் சொல்லுங்க. மிச்ச சாம்பார் சாதம், அது மேல அன்னைக்கு நியூஸ்பேப்பர், ஆன்லைன்ல வந்த அட்டைப்பெட்டி, உடைஞ்ச டம்ளர். கீழ வர்றதுக்குள்ள சாம்பார் ஊறிடுது, காலைல அந்தப் பேப்பரை பழைய பேப்பர் கடைக்காரன் காசு கொடுத்து வாங்கியிருப்பான், இப்ப தொடமாட்டான், எல்லாம் சேந்து குப்பைமேட்டுக்குத்தான். நடுவுல அந்தக் கவருக்குள்ள கைய விடறவங்க விரல்ல டம்ளர் கிழிக்குது. அந்தத் தூய்மைப் பணியாளருக்கு இஷ்டமிருந்தா மீட்டிங்ல அவங்களையே பேசச் சொல்லுங்க, உக்கார நாற்காலி போட்டு, அந்த நேரத்துக்குக் காசும் கொடுத்து. போட்டோ எடுத்து சோகப் பாட்டு போடாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் ஏற்கனவே பிரிக்கற ஒரு வீட்டைப் பிடிங்க, அவங்க அனுமதியோட. புழு வந்தது, வீட்டுக்காரர் மறந்து மாத்திப் போட்டது, அப்புறம் வாளிக்கு அடியில பேப்பர் விரிச்சு சமாளிச்சது, எல்லாத்தையும் சொல்லணும், சிக்கலே இல்லாத கதைய யாரும் நம்ப மாட்டாங்க.

பெருமையும் கலக்கணும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில வேட்டங்குடி கண்மாய்க்கு வர்ற பறவைங்க பயப்படும்னு பல வருஷமா தீபாவளிக்கு வெடி போடறதில்ல. அங்க பறவைங்க ஊரோட சொத்து மாதிரி, குழந்தைங்க அதைக் கேட்டே வளர்றாங்க, அதனால பட்டாசு இல்லாதது அவங்களுக்குக் குறையாத் தெரியல. உங்க பிளாக்குக்கும் அப்படி ஒண்ணு தேடுங்க, பேப்பர் வித்த காசுல குழந்தைங்களுக்கு வாங்கின கேரம்போர்டு ஆனாலும் சரி.

ஒரே ஒரு கண்டிஷன். பிரிச்சுக் கொடுத்ததை வண்டிக்காரர் ஒண்ணா கொட்டறாரான்னு மொதல்ல பாத்துடுங்க. கொட்டினா, பால்கனிலேர்ந்து அதைப் பாத்த ஒருத்தர் சொல்ற கதைதான் குரூப்ல ஜெயிக்கும், உங்களோடது இல்ல. அது சரியானப்புறம் மாசா மாசம் "இந்த மாசம் புதுசா இத்தன வீடு சேந்திருக்கு"ன்னு போடுங்க.