ரெண்டரை நாள்ல நாலு நிகழ்ச்சியா தம்பி?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட்ல வயரிங் வேலை செய்யறேன். கல்யாணமாகி பத்து வருஷமாச்சு, மனைவிய கோலாலம்பூருக்குக் கூட்டிட்டுப் போனதுன்னா தைப்பூசத்துக்கு பத்துமலை, அப்புறம் ஒரு சொந்தக்காரங்க கல்யாணம், அவ்வளவுதான். அவ சின்ன வயசுல ஆறு வருஷம் பரதம் கத்துக்கிட்டவ. இந்தத் தடவை 68 வயசு அம்மாவையும் சேத்து மூணு பேரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பற மாதிரி, பெட்ரோனாஸ் டவர்ல ஆர்கெஸ்ட்ரா, இஸ்தானா புடாயா தேசிய அரங்கம், சென்தூல் கேஎல்பேக்ல நாடகம், பிரிக்பீல்ட்ஸ்ல டான்ஸ் எல்லாத்தையும் பாத்துடலாம்னு பிளான். கையில 1,200 வெள்ளி இருக்கு. அம்மா சைவம், முட்டி வலி வேற. "அந்த எடத்துக்கெல்லாம் நம்மள உள்ள விடுவாங்களா"ன்னு கேக்கறாங்க. எப்படிப் போறது, எங்க தங்கறது?

பதில்: தம்பி, மொதல்ல அம்மாவுக்கு பதில் சொல்லிடறேன். தாராளமா விடுவாங்க. டிக்கெட் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல, புடவை கட்டிட்டு வர்ற அம்மாவுக்கு எந்த ஹால்லயும் பிரச்சன கெடையாது, பிரச்சன வந்தா அது உங்களுக்குத்தான் வரும், அரைக்கால் சட்டை, டீசர்ட், சிலிப்பர் எல்லாத்தையும் வீட்டுலயே வெச்சுட்டு நீளக்கை பாத்தேக் சட்டை ஒண்ணு, ஷூ ஒரு ஜோடி எடுத்துக்குங்க. அம்மாவுக்கு சால்வை கட்டாயம். ஹால் ஏர்கான் இருக்கே, கேமரன்மலையே தேவலாம்னு ஆயிடும், நான் ஒரு தடவ வீராப்பா போய் உக்காந்து இடைவேளை வரைக்கும் ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டு நடுங்கினேன்.

அப்புறம் ஒண்ணு, அம்மாவ நாடகம் பாக்காதவங்கன்னு நெனச்சுடாதீங்க. எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழா முடியற ராத்திரி நாடகம் போடுவாங்க, புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்துல பலகை அடிச்ச மேடை, ரெண்டு கேஸ் லைட்டு, லயத்து வீடுங்கள்ல வாங்கின போர்வைங்கள ஊக்கு குத்தி திரையா கட்டியிருப்பாங்க. அரிச்சந்திரன் மயான காண்டத்துல சந்திரமதி அழும்போது காத்துல போர்வை விலகி, பின்னால எமதர்மன் வேஷக்காரர் சாவகாசமா கோப்பி குடிக்கறது தெரியும். அத விடிய விடிய உக்காந்து பாத்த தலைமுறை உங்க அம்மா. அவங்களே ஊர் திரும்பி, விளக்கு சரியில்ல, அந்தப் பொண்ணுக்கு முகபாவம் பத்தலைன்னு கொறை சொல்லுவாங்க பாருங்க.

இப்ப உங்க பிளானுக்கு வரேன். இது என்ன சுற்றுலாவா, தோட்டத்துல காலம்பற பெரட்டுக்கு வேலையாள் பேர் கூப்பிடற மாதிரி இருக்கு! ரெண்டரை நாள்ல நாலு நிகழ்ச்சி பாத்தா நாலும் மனசுல நிக்காது, முட்டி வலிக்காரங்க ரெண்டாவதுலயே ரூம்ல படுத்துடுவாங்க. சனிக்கிழமை ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அத சுத்தி வரட்டும். எது அதுன்னு கேட்டா, நான் டான்ஸுன்னுதான் சொல்லுவேன், ஆறு வருஷம் சலங்கை கட்டின பொண்ணு பத்து வருஷமா உங்க வீட்டு அடுப்பங்கரையில நிக்குது, இதுக்கு மேல என்ன யோசனை.

பிரிக்பீல்ட்ஸ்ல ஜாலான் பர்ஹாலாவுல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கு, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981ல ஆரம்பிச்சது, பரதம், ஒடிசி, வாய்ப்பாட்டு, மிருதங்கம் எல்லாம் சொல்லித் தர்றாங்க, சொந்தமா அரங்கமும் இருக்கு. இல்லன்னா ராம்லி இப்ராஹிமோட சூத்ரா குழு, தித்திவங்சா பக்கம். மலாய்க்காரர், ஒடிசியும் பரதமும் ஆடறவர், இந்திய அரசாங்கமே 2018ல பத்மஸ்ரீ கொடுத்துச்சு. ரெண்டு எடத்துலயும் வாராவாரம் நிகழ்ச்சி இருக்காது, அதனால மொதல்ல லீவு போட்டுட்டு அப்புறம் என்ன ஓடுதுன்னு தேடாதீங்க. நிகழ்ச்சி எந்தத் தேதியோ அந்தத் தேதிக்கு வேலைய தள்ளிப் போடுங்க, வயரிங் ஒரு வாரம் காத்திருக்கும்.

ஆர்கெஸ்ட்ராவ ஞாயித்துக்கிழமைக்கு வைங்க, அதுவும் அம்மாவுக்குத் தெம்பு இருந்தா. டவருக்குள்ளயே இருக்கற டேவான் பில்ஹார்மோனிக் அரங்கம் 1998ல தொறந்தது, அங்க வாசிக்கற மலேசியன் பில்ஹார்மோனிக் குழு சனி ராத்திரி போக ஞாயிறு மத்தியான நிகழ்ச்சியும் வைக்கறது வழக்கம், மத்தியானம்னா சாயங்கால ரயிலுக்கும் சரியா இருக்கும். மொத தடவையே ஒன்றரை மணி நேரம் நிக்காம போற சிம்பொனிக்கு டிக்கெட் எடுத்துடாதீங்க, சின்னச் சின்ன உருப்படியா இருக்கற, சினிமா இசை கலந்த நிகழ்ச்சியா பாருங்க. கோயில் கச்சேரி மாதிரி நடுவுல "சபாஷ்" சொல்ல முடியாது, ஒரு பகுதி முடிஞ்சு சத்தம் நின்னாலும் கை தட்டக்கூடாது, கண்டக்டர் கைய கீழ எறக்கி நம்ம பக்கம் திரும்பற வரைக்கும் பொறுக்கணும், சந்தேகமா இருந்தா பக்கத்து ஆள் தட்டினதுக்கு அப்புறம் தட்டுங்க. இருமல் மிட்டாய் வெச்சிருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேப்பரப் பிரிச்சு வெச்சுக்கங்க, அந்த ஹால்ல மிட்டாய் பேப்பர் சத்தம் பட்டாசு மாதிரி கேக்கும். லேட்டா போனா இடைவெளி வர்ற வரைக்கும் வெளிய டிவியிலதான் பாக்கணும்.

இஸ்தானா புடாயாவும் கேஎல்பேக்கும் இந்தத் தடவை வேணாம். மொதல்ல சொன்னது 1999ல தொறந்தது, வாவ் பூலான் பட்டத்த மனசுல வெச்சுக் கட்டின கூரை, வெளிய நின்னு பாத்தாலே அழகு. கேஎல்பேக் அருமையான எடம்தான், பழைய ரயில்வே கட்டடத்த மாத்தி 2005ல தொறந்தாங்க, சென்தூல் ரயில்வேல நம்ம ஆளுங்க எத்தன பேர் ஒழச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆனா அங்க பெரும்பாலும் இங்கிலீஷ், மலாய் நாடகம்தான், தமிழ் எப்பவாவது வரும், வரும்போது அம்மாவோட தனியா ஒரு பயணம் போங்க. அன்னிக்கு கிராப் டாக்ஸி எடுத்துடுங்க, ஸ்டேஷன் பேரு சென்தூல்னு இருக்கேன்னு எறங்கி நடந்தா முட்டி போயிடும்.

தங்கறது பிரிக்பீல்ட்ஸ்லதான், வேற யோசனையே வேணாம். ராத்திரி நிகழ்ச்சி முடிஞ்சு வெளிய வரும்போது பத்தரை ஆகும், அம்மாவுக்குத் தூக்கம் வரும், ரூம் கிட்ட இருக்கணும். கேஎல் சென்ட்ரலும் பக்கத்துலயே, கேஎல்சிசிக்கு எல்ஆர்டி நேரா போகுது, அஞ்சாவது ஸ்டேஷன். ஆனா ஆன்லைன்ல போட்டோவ மட்டும் பாத்து ரூம் போடாதீங்க. நான் ஒரு தடவ மலிவா கெடைச்சுதேன்னு ஒண்ணு போட்டேன், போய்ப் பாத்தா ஜன்னலே இல்ல, திரைச்சீலை மட்டும் அழகா தொங்குது, தொறந்தா சொவரு. மூணாவது மாடி, லிஃப்ட்டும் கெடையாது. போன் பண்ணிக் கேளுங்க, லிஃப்ட் இருக்கா, ஜன்னல் இருக்கா, மூணு கட்டில் ரூம் இருக்கா, பாத்ரூம்ல படி இருக்கா. சுற்றுலா வரின்னு பத்து வெள்ளி கேட்டா மைகார்ட் அடையாள அட்டையக் காட்டுங்க, மலேசியர்களுக்கு அது கெடையாது.

சாப்பாட்டுக்கு நான் சொல்லித் தரணுமா? டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கத்துலயே அன்னலட்சுமி இருக்கு, முழு சைவம், அம்மாவுக்கு நிம்மதி. சனி மத்தியானம் வாழையிலை சாப்பாடு ஒரு புடி புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் தூங்குங்க, அஞ்சு மணிக்கு தம்பிப்பிள்ளை ரோட்டுப் பக்கம் பீசாங் கோரெங், ஒரு தே தாரிக், போதும். ராத்திரி நிகழ்ச்சிக்கு வயிறு முட்ட சாப்பிட்டுப் போனா இருட்டுன உடனே கண்ணு சொக்கும், முடிஞ்சு வந்து மாமாக் கடையில தோசையோ ரொட்டி சானாயோ பாத்துக்கலாம், அது எப்பவும் தொறந்திருக்கும்.

ஒரு விஷயம் விட்டுட்டேன். பிரிக்பீல்ட்ஸ் மெயின் ரோட்டுப் பேரு ஜாலான் துன் சம்பந்தன். முன்னாள் அமைச்சர், உங்க ஊர்க்காரர். தோட்டங்கள துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலத்துல, 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு மாசம் பத்து பத்து வெள்ளியா சேத்துத் தோட்டம் வாங்கினவர். அந்த ரோட்டுப் பலகைக்குக் கீழ அம்மாவ நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க, அவங்க அப்பா சங்கத்துக்குப் பணம் கட்டினாரான்னு கேட்டும் பாருங்க, கத கேக்கறதுக்கே ஒரு சாயங்காலம் பத்தாது.

பணம் சரியா வரும். ரயிலுக்கு 250, ரெண்டு ராத்திரி ரூமுக்கு 350, டிக்கெட்டுக்கு 300, சாப்பாட்டுக்கு 200, மிச்சம் 100 கிராப்புக்கும் மனைவி கண்ல படற வளையலுக்கும். வளையல் விஷயத்துல வாயத் தொறக்காதீங்க. இடிஎஸ் ரயில்ல எல்லா வண்டியும் சிப்புட்ல நிக்காது, நேரம் ஒத்து வரலன்னா ஈப்போவுல போய் ஏறுங்க, சிப்புட்லேர்ந்து சென்ட்ரலுக்கு எப்படியும் மூணு மணி நேரம் வைங்க. நிகழ்ச்சி டிக்கெட் கையில வந்த அன்னிக்கே ரயிலயும் எடுத்துடுங்க, போற வண்டிய விட திரும்பற வண்டிய முதல்ல எடுங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வடக்கே போற வண்டி சீக்கிரம் நிறைஞ்சுடும். அம்மாவுக்கு கழிவறை பக்கத்துல, நடைபாதை ஓரம் சீட்டு.