இன்ஸ்டோலர் தெரிவு: இரண்டாம் முறை நிறுவும் நாளை நினையுங்கள்

கேள்வி: அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் இருப்பு, கடன், ரசீது பார்க்கும் மென்பொருள் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதியிருக்கிறேன். அது ஓட மைக்ரோசொஃப்டின் டொட் நெட் 4.8 கணினியில் இருக்க வேண்டும், தரவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் வைக்கிறேன். இதுவரை ஃபோல்டரைப் பென் டிரைவில் கொண்டுபோய் கொப்பி பண்ணிக் கொடுத்தேன். இப்போது சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் பதினொரு இடங்களில் ஓடுகிறது. சில இடங்களில் இன்னும் விண்டோஸ் 7 தான். இன்ஸ்டோலர் (மென்பொருளைக் கணினியில் நிறுவித் தரும் கோப்பு) செய்ய எந்தக் கருவி நல்லது?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் நிலைமைக்கு இன்னோ செட்டப். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் கருவியின் பெயரை விட அதுதான் உங்களுக்கு உதவும்.

முதல் முறை நிறுவுவதை எந்தக் கருவியும் ஒழுங்காகச் செய்யும். சோதனை வருவது, நீங்கள் ஒரு பிழையைத் திருத்திப் புதிய பதிப்பைக் கொண்டுபோகும் நாளில். சில வருடங்களுக்கு முன் பெரும்போக அறுவடை நேரம், ஓர் ஆலையில் நான் எழுதிய மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினேன். நான் செய்திருந்த இன்ஸ்டோலர், உள்ளே வைத்திருந்த வெற்றுத் தரவுக் கோப்பை ஓடிக்கொண்டிருந்த கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. ஒரு வார நெல் கொள்வனவு போய்விட்டது. கணக்குப்பிள்ளை துண்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக வாசிக்க, நான் இரவு பத்து மணி வரை இருந்து திரும்பப் பதிந்தேன். அந்தச் சீட்டுகளை அவர் எறிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைப்பதுண்டு.

இன்னோவில் இதற்கு மருந்து ஒரே வரி. தரவுக் கோப்பைச் சேர்க்கும் இடத்தில் ‘ஒன்லி இஃப் டஸன்ட் எக்ஸிஸ்ட்’ என்ற குறியைப் போட்டால், கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாது. பக்கத்திலேயே ‘அன்இன்ஸ் நெவர் அன்இன்ஸ்டோல்’ குறியையும் போடுங்கள். யாராவது மென்பொருளை அகற்றினாலும் கணக்கு மிஞ்சும். அப்புறம், ‘ஆப் ஐடி’ என்ற அடையாளத்தை முதல் பதிப்பில் வைத்தபடியே எல்லாப் பதிப்புகளிலும் வைத்திருங்கள். அது மாறினால் விண்டோஸ் பழையதையும் புதியதையும் இரண்டு வெவ்வேறு மென்பொருள்களாகப் பட்டியலில் காட்டும்.

தரவுக் கோப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். சாதாரண பயனர் கணக்கில் அங்கே எழுத அனுமதி இல்லை. மென்பொருள்களின் பொதுத் தரவுக்கான புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள் உங்களுக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பயனர்கள் மாற்றலாம் என்ற அனுமதியையும் இன்னோ ஸ்கிரிப்டிலேயே கொடுங்கள். கோப்புக்கு மட்டும் கொடுத்தால் போதாது. எஸ்கியூலைட் எழுதும்போது பக்கத்தில் ஜேர்னல் என்ற தற்காலிகக் கோப்பை உருவாக்கி, வேலை முடிந்ததும் அழிக்கும். ஆகவே ஃபோல்டருக்கே அனுமதி வேண்டும். இதைத் தவறவிட்டால் உங்கள் மடிக்கணினியில் எல்லாம் ஓடும், கடைக்காரர் பில் போடும்போதுதான் நிற்கும்.

விண்டோஸ் 7 இயந்திரங்களில் டொட் நெட் 4.8 தானாக இருக்காது. விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. இருக்கிறதா என்று பார்க்கும் பங்க்ஷன் இன்னோவிலேயே உண்டு. இல்லாவிட்டால் நிறுவ, இணையம் வேண்டாத முழுக் கோப்பைப் பென் டிரைவில் வைத்திருங்கள். அது 100 எம்பிக்கு மேல் வரும். கடைக்காரரின் ஃபோன் டேட்டாவில் அதை இறக்க வைப்பது நியாயமில்லை.

மற்றக் கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். என்எஸ்ஐஎஸ், வின்அம்ப் என்ற பாட்டு பிளேயரைச் செய்த நல்சொஃப்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. சிறியது, எதையும் செய்யும். ஆனால் அகற்றும்போது என்னென்ன அழிக்க வேண்டும் என்று நீங்களே எழுத வேண்டும். இன்னோ, தான் போட்டதை எல்லாம் பதிந்து வைத்துத் தானே அகற்றும். தனியாள் வேலைக்கு இந்த வித்தியாசம் பெரியது. விக்ஸ், விண்டோஸின் சொந்த நிறுவல் வடிவமான எம்எஸ்ஐ கோப்புகளை உருவாக்கும். ஒரு திணைக்களமோ வைத்தியசாலையோ நூறு கணினிகளுக்கு வலையமைப்பு வழியாக அனுப்ப வேண்டும் என்று கேட்டால் அதைப் படியுங்கள், இப்போது வேண்டாம். மைக்ரோசொஃப்டின் புதிய நிறுவல் வடிவமான எம்எஸ்ஐஎக்ஸ் விண்டோஸ் 7இல் தானாக ஓடாது, வெளியிட்டவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம்.

கையொப்பம் என்றதும் ஒன்று. கையொப்பம் இல்லாத இன்ஸ்டோலரை இணையத்திலிருந்து இறக்கினால் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கும். கையொப்பமிடத் தேவையான சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் இரகசியச் சாவியை யூஎஸ்பி டோக்கன் போன்ற தனி வன்பொருளில்தான் வைக்கவும் வேண்டும். நீங்களே நேரில் போய்ப் பென் டிரைவில் நிறுவும் வரை இந்தச் செலவு தேவையில்லை. வெளியீட்டாளர் யாரென்று தெரியாது என்று விண்டோஸ் அனுமதி கேட்கும்போது, அது ஏன் வருகிறது என்று கடைக்காரருக்குப் பொறுமையாக விளக்குங்கள்.

பதினொரு இடங்களுக்கும் போகும் முன் பழைய விண்டோஸ் 7 மடிக்கணினி ஒன்று தேடிப் பிடியுங்கள், 32 பிட் என்றால் இன்னும் நல்லது. முதல் பதிப்பை நிறுவி, சாதாரண பயனராக நுழைந்து இரண்டு பில் போடுங்கள். அதன் மேலே இரண்டாம் பதிப்பை நிறுவி, அந்த இரண்டு பில்லும் இருக்கின்றனவா பாருங்கள். பிறகு மென்பொருளை அகற்றிவிட்டு, தரவுக் கோப்பு இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சம்மாந்துறைக்குப் புறப்படலாம்.