‘எல்லாம் செய்கிறேன், அப்பா பேசவே மாட்டேன் என்கிறார்’

ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 49. அப்பாவுக்கு 77. அம்மா போனதிலிருந்து அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கொரோனா ஆரம்பித்த நாள் முதல் அவரைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டது நான் ஒருத்திதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை ஒப்புக்கொள்ள இந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை.

அப்பாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. தொற்று வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதால் மாடியில் தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். மூன்று வேளையும் சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டு, மாஸ்க்கோடு ஆறடி தள்ளி நின்று குரல் கொடுப்பேன். என் பெண்ணைக்கூட உள்ளே விடவில்லை. அப்பாவுக்கு இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆனாலும் எதற்கு வம்பு என்று அப்படியே தொடர்கிறேன். முன்பெல்லாம் கரண்ட் பில், பேங்க் வேலை, பேத்தியை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவருவது எல்லாம் அவர்தான். இப்போது அவருக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை, எல்லாவற்றையும் நானே போனில் முடித்துவிடுகிறேன். அவர் நிம்மதியாக இருந்தால் போதும். அப்படிக்கூட இருக்கமாட்டேன் என்கிறார்.

கூப்பிட்டால் பதில் வராது. “சாப்பிட்டீங்களா?” என்றால் தலையை ஆட்டுகிறார், தட்டைப் பார்த்தால் பாதி அப்படியே கிடக்கிறது. “என்னப்பா செய்யுது?” என்றால் “தெரியலை.” “டாக்டர்கிட்ட பேசலாமா?” என்றால் “எதுக்கு?” ஒரே சட்டையில் மூன்று நாள் இருக்கிறார். விடிகாலை மூன்றரை மணிக்கே விளக்கு எரிகிறது. வீடியோ கால் பேச ஒரு டேப் வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைப் பிரிக்கவில்லை. டிவியில் செய்தி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை செய்தும் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசினால் என்ன?

தம்பியிடம் மட்டும் பேசுகிறார். அவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் போன் பண்ணுவான். அப்போது குரல் தெளிவாக இருக்கும், சிரிக்கக்கூடச் செய்வார். அவன் என்னிடம், “அக்கா, அப்பா நல்லாத்தானே பேசுறாரு, நீதான் டென்ஷன் ஆகுற” என்கிறான். ஐந்து நிமிஷத்தில் அவன் நல்லவன். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கும் நான் கெட்டவள்.

அப்பாவுக்கு நாற்பது வருடப் பழக்கமான சிநேகிதர் ஒருவர் கொரோனாவில் இறந்துவிட்டார். அப்பா தாங்கமாட்டார் என்று சில வாரம் கழித்துத்தான் சொன்னோம். “சரி” என்றார், அழவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சொன்ன பேச்சு கேட்காததற்கு இன்னொன்று சொல்கிறேன். போன வாரம் படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணைக்கு அடியில் பழைய கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. திறந்தால் தூக்க மாத்திரை, ஒரு கைப்பிடி இருக்கும். வாரத்துக்கு உண்டானதை எண்ணிக் கொடுக்கிறேன், போடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்! “காசு கொடுத்து வாங்குறேன், இப்படி வீணாக்குறீங்களே” என்று சத்தம் போட்டேன். “வீணாகாதும்மா” என்றார். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கூட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இதைத் தம்பியிடம் சொன்னால் அதற்கும் ஏதாவது சமாதானம் சொல்வான்.

என் கேள்வி இதுதான். தம்பிக்குப் பொறுப்பை எப்படிப் புரியவைப்பது? அப்பாவின் வீம்பை எப்படி மாற்றுவது? நான் மிகவும் களைத்துவிட்டேன்.

— ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலைப் பிரசுரத்துக்கு முன்பே உங்களுக்கு அனுப்புகிறேன். அந்தக் கண்ணாடிக் கூடு இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது என்றால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் மாடிக்குப் போங்கள்.

அப்பா பேச்சுக் கேட்பதில்லை என்பதற்கு உதாரணமாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தம்பிக்குத் திரும்பிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுவதும் அந்தக் கூட்டில்தான் இருக்கிறது. சாப்பாடு பாதியாகிவிட்ட, விடியும் முன்பே விழித்துக்கொள்கிற, மனைவியையும் நெருங்கிய நண்பரையும் இழந்த 77 வயது மனிதர் தூக்க மாத்திரையைச் சேர்த்து வைத்துக்கொண்டு “வீணாகாது” என்கிறார். இதைத் தற்கொலை எண்ணம் என்று வைத்துக்கொண்டே நாம் நடக்க வேண்டும். அப்படி இல்லை என்று தெரியவந்தால் எந்த நஷ்டமும் இல்லை. வயதானவர்கள், முக்கியமாகத் துணையை இழந்த ஆண்கள், இதை முன்கூட்டிச் சொல்வது குறைவு. முயன்றால் பிழைப்பதும் இளையவர்களைவிடக் குறைவு. உங்கள் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

மாத்திரையை அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து, “அப்பா, அன்னைக்கு இதைப் பார்த்துட்டுக் கோவப்பட்டேன். உண்மையில எனக்குப் பயமா இருக்கு. இதை நான் எடுத்து வெச்சுக்கறேன்” என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நேராகவே கேளுங்கள்: “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா அப்பா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருங்கள். மனச்சோர்வு யோசனையின் வேகத்தையே குறைத்துவிடும், பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகலாம். “உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரால் “ஒண்ணுமில்லை” என்றுதான் சொல்ல முடியும். அதோடு பேச்சும் முடிந்துவிடும்.

“போய்ச் சேர்ந்தா போதும்னு இருக்கு” என்கிற அளவில் அவர் சொன்னால், இரண்டு மூன்று நாட்களுக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தொற்றுக்குப் பயந்து தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை இது. அவர் “அதெல்லாம் இல்லை” என்றாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை இரவில் யாராவது ஒருவர் அவர் அறையில் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய மாத்திரைகளும் உங்கள் பூட்டில் இருக்கட்டும். வாரத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். வேளைக்கு வேளை கொடுத்து, கண்ணெதிரே விழுங்கியதும் வாருங்கள்.

மருத்துவரிடம் இதையும் சொல்ல வேண்டும்: அவர் எந்த மாத்திரையை எத்தனை நாளாக விட்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நெடுநாள் போட்டுவந்த சில வகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நடுக்கம், பதற்றம், அடியோடு தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். விட்டதை மறுபடி முழு அளவில் ஆரம்பித்தால் தள்ளாட்டம், கீழே விழுதல், குழப்பம் வரும். அதனால் மருத்துவர் சொல்லும்வரை நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பிரஷர் மாத்திரையையும் விட்டிருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கைதான். சுகர் மாத்திரை முழுதாகவும் சாப்பாடு பாதியாகவும் போனால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம், இன்றே அளந்து பாருங்கள்.

இனி வீம்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அது எங்கும் தென்படவில்லை. முதுமையில் மனச்சோர்வு பல நேரம் “மனசு கஷ்டமா இருக்கு” என்று வருவதே இல்லை. பசி போகும். குளிப்பதும் சட்டை மாற்றுவதும் மலையாகத் தெரியும். எதைக் கேட்டாலும் “தெரியலை” என்ற பதில்தான் வரும். மறதி நோய் என்றுகூட வீட்டார் நினைத்துவிடுவார்கள். மூன்று மணி, நாலு மணிக்கு விழிப்பு வருவதும் காலை நேரம் மிக மோசமாக இருப்பதும் கடுமையான மனச்சோர்வில் அடிக்கடி பார்க்கும் குறிகள். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாகும். உங்கள் தம்பி அழைப்பது மாலை ஏழு மணிக்கு. அந்த ஐந்து நிமிஷத்துக்கு மகனுக்காகத் திரட்டிக்கொண்டு பேசிவிட அவரால் முடிகிறது. தம்பி பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. ஒரே நோயின் இரண்டு வேளைகளை ஆளுக்கொன்றாகப் பார்க்கிறீர்கள். தம்பியைக் காலை எட்டு மணிக்கு, தினமும், வீடியோவில் அழைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கூட்டைப் பற்றி இன்றே சொல்லிவிடுங்கள். பொறுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வாரம் வந்து இருக்கட்டும். உங்கள் களைப்பு உண்மையானது, அதற்கு ஆள் பலம்தான் மருந்து. பொறுப்பு யாருக்கு என்ற வழக்கை இந்த மாதம் நடத்த வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்து சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். தொற்று தீவிரமாக இருந்தபோது நீங்கள் போட்ட வேலி சரியானது, அது அவர் உயிரைக் காத்தும் இருக்கலாம். ஆனால் விலக வேண்டியது மூச்சுக்காற்றுதான். அதோடு சேர்த்து அவர் செய்துவந்த வேலைகளும், பேத்தியும், எதிரில் உட்கார்ந்து பேசும் ஒரு முகமும் போய்விட்டன. தடுப்பூசிக்குப் பிறகும் அதே வேலி நிற்கிறது. இப்போது அது காப்பதைவிடக் கெடுப்பது அதிகம். இன்னொன்றையும் யோசியுங்கள்: 77 வயதில் காது மந்தமாகியிருக்க வாய்ப்பு நிறைய. அப்படிப்பட்டவர்கள் பாதியை உதட்டசைவில்தான் பிடிப்பார்கள். மாஸ்க் உதட்டை மறைத்து, குரலையும் மழுக்குகிறது. ஆறடி தள்ளி நின்று, உள்ளே டிவி ஓடும்போது நீங்கள் கேட்டது அவருக்கு விழாமலே இருந்திருக்கலாம். காதைச் சோதிக்கச் சொல்லுங்கள், சில நேரம் அழுக்கை எடுத்தாலே பாதி சரியாகும். யாருக்கும் சளி, காய்ச்சல் இல்லாத நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து, டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிய எதிரில் உட்காருங்கள். ஒரு வேளை சாப்பாடு அவரோடு நடக்கட்டும்.

நண்பரின் மரணத்தை மறைத்ததும் அன்பினால்தான். ஆனால் கடைசியாக முகம் பார்க்க முடியாதது ஒன்று, மற்றவர்கள் துக்கப்பட்டு முடித்த பிறகு தனியாகத் தெரிந்துகொண்டது இன்னொன்று. “சரி” என்றவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். இந்த வீட்டில் இனி எனக்கு எதையும் சொல்லமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்திருக்கலாம். “உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்பா” என்று சொல்லுங்கள். நண்பரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்த நண்பரின் வீட்டாரோடு அப்பா பேச ஏற்பாடு செய்யுங்கள். அழுதால் அழட்டும்.

மருத்துவர் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலைப் பயன்படுத்தலாம், 1986 முதல் உள்ள ஆம்-இல்லை பட்டியல் அது. மதிப்பெண் 5-க்கு மேல் வந்தால் முழுதாக ஆராய வேண்டும். அதில் தற்கொலை பற்றி நேரடிக் கேள்வி கிடையாது, எனவே மாத்திரை சேர்த்ததை நீங்களே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சோடியம், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஏதாவது சீர்கெட்டிருந்தாலும் சோர்வு இதே முகத்தோடு வரலாம். ஒரே நாளில் திடீரென்று குழம்பி, ஆள் தெரியாமல், தூங்கி வழிந்தால் அது மனச்சோர்வு அல்ல. வயதானவர்களுக்குக் கொரோனா சில நேரம் காய்ச்சலே இல்லாமல் இப்படித்தான் தொடங்கும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“வெளியே வாங்க, உற்சாகமா இருங்க” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். முடிந்தால் வரமாட்டாரா? கரண்ட் பில்லைத் திரும்பக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவரே கட்டட்டும். பேத்திக்கு தினம் இருபது நிமிஷம் கணக்குச் சொல்லித்தரட்டும். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். செய்த பிறகுதான் விருப்பம் மெல்லத் திரும்பும், முதல் இரண்டு வாரம் முகத்தில் ஒன்றும் தெரியாது. எழுந்திருக்கும் நேரம் நிலையாக இருக்கட்டும், காலையில் அரை மணி வெயில் படட்டும், செய்தி நாளுக்கு இரண்டு முறை போதும்.

செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்து எழுதினால் முதியவர்களுக்கு 25 மில்லிகிராம் போலச் சிறிய அளவில்தான் ஆரம்பிப்பார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இரண்டு வாரத்தில் “ஒண்ணும் கேட்கலை” என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்து ஆரம்ப வாரங்களில் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். குமட்டல், தள்ளாட்டம், புதிதாகக் குழப்பம் வந்தால் அதற்கும் முன்பே. மனம் தெளிவதற்கு முன்னால் உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடுவதுண்டு, அந்த வாரங்களில்தான் கண் அதிகம் இருக்க வேண்டும். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் மருந்து தொடரும். அதுவரை மாத்திரைச் சாவி உங்களிடமோ தம்பியிடமோதான் இருக்க வேண்டும்.