டாங்க் எப்போது பாய வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

ஐவர் கொண்ட இரு அணிகள் கையடக்கத் தொலைபேசியில் மோதும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தைப் பற்றி, அதிலும் முன்னே நின்று அடி தாங்கும் டாங்க் பாத்திரம் ஏற்று ஆடுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உயர்தரப் பரீட்சை முடிந்த பின் நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஆடுகிறோம். நான் எப்போதும் டிக்ரியல் என்ற டாங்கை எடுப்பேன். கவசங்கள் எல்லாம் வாங்கியும், சண்டை தொடங்கியதும் முதலில் இறப்பது நான்தான். பின்னால் வர வேண்டியவர்கள் வருவதுமில்லை. எங்கே பிழை?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, பின்னால் வர வேண்டியவர்கள் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிழை அங்கேதான் இருக்கிறது, ஆனால் அதைத் திருத்த வேண்டியவர் நீங்கள். ஒரு டாங்க் எவ்வளவு அடியைத் தாங்கினார் என்பதற்குத் தனியாக எந்தப் பயனும் கிடையாது. அவர் அடி வாங்கும் அதே நேரத்தில் அவருடைய அணியினர் எதிரிகளை அடித்துக்கொண்டிருந்தால்தான் அந்தத் தாங்குதலுக்குப் பொருள் உண்டு. டிக்ரியலின் அல்டிமேட் (அவருடைய மிகப் பலமான திறன்) சுற்றிலும் நிற்கும் எதிரிகளைத் தன்னிடம் இழுத்து, மிகக் குறுகிய நேரத்துக்கு அவர்களைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நேரத்துக்குள் மாய அடி அடிக்கும் உங்கள் மேஜும், எட்ட நின்று சுடும் மார்க்ஸ்மனும் அடிக்கக்கூடிய தூரத்தில் இல்லையென்றால், எதிரிகள் அனைவரையும் உங்களைச் சுற்றி நீங்களே கூட்டி வைத்ததாகத்தான் முடியும்.

ஆகவே பாய்வதற்கு முன் சிறு வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் மார்க்ஸ்மன் இன்னும் தன் பாதையில் மினியன்கள் எனும் சிறு படையாட்களை அடித்துக்கொண்டிருக்கிறாரா, மேஜின் அல்டிமேட் தயாராக உள்ளதா, எதிரணியில் எவர் எவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் அறிந்த பிறகே, சட்டென்று சிறு தூரம் தாவ உதவும் ஃபிளிக்கரைத் தொடுங்கள். ஐவரும் நண்பர்கள் என்பதால் குரல்வழியே பேசிக்கொண்டுதான் ஆடுவீர்கள். அப்படியானால் "நான் போகிறேன்" என்று அறிவிப்பதை விட்டு, "அல்டிமேட் இருக்கிறதா?" என்று கேட்கப் பழகுங்கள். இந்த ஒரு மாற்றம் மட்டுமே உங்கள் இறப்புகளில் பெரும் பகுதியைக் குறைத்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாய்வதுதான் டாங்கின் வேலை என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்த வேண்டும். நம் ஊர்க் கிளித்தட்டில் கோட்டை மறிப்பவர் ஒருவரையும் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. தம் கோட்டில் நின்றபடியே, எதிரணியினர் எந்தப் பக்கத்தால் கடக்கலாம், எந்தப் பக்கத்தால் கடக்க முடியாது என்பதை அவரே தீர்மானிக்கிறார். டாங்க் ஆட்டத்திலும் பெரும் பகுதி இதுவே. இரண்டாவது நிமிடத்தில், இரு அணிகளும் போட்டியிடும் ஆமை என்ற மிருகம் தோன்றும்போது, அதை அடித்து முடிக்கும் பொறுப்பு மிருகங்களைப் பலமாக அடிக்கும் ரெட்ரிபியூஷன் மந்திரத்தை வைத்திருக்கும் உங்கள் ஜங்கிளருடையது (காட்டு மிருகங்களை வேட்டையாடி வளர்பவர்). நீங்களும் ஆமையைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருப்பதில் பயன் மிகக் குறைவு. எதிரணி ஜங்கிளர் வரக்கூடிய வழியில், அவருக்கும் ஆமைக்கும் நடுவே நின்று, அவர் நெருங்கும் கணத்தில் அவரைத் தள்ளிவிட்டால் அந்த ஆமை உங்களுடையது. எட்டாவது நிமிடத்துக்குப் பின் லோர்ட் என்ற இன்னும் பெரிய மிருகம் வரும்போதும் இதே முறைதான், ஆனால் அப்போது தவறுக்கு விலை அதிகம். புதர்களுக்குள் முதலில் நுழைய வேண்டியவரும் நீங்களே. உள்ளே மறைந்திருக்கும் எதிரியை வெளியில் நிற்பவர் காண முடியாது. அங்கே உங்கள் மேஜ் முதலில் கால் வைத்தால் சண்டை தொடங்கும் முன்பே நால்வராகிவிடுவீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதிரணியின் அசாசின் (எளிதில் விழக்கூடியவரைத் தேடிக் கொல்பவர்) உங்கள் மார்க்ஸ்மன் மீது பாய்ந்துவிட்டால், முன்னால் எத்தனை பேர் குறைந்த உயிருடன் நின்றாலும் திரும்பி வாருங்கள். டிக்ரியலின் இரண்டாவது திறனால் அந்த அசாசினைத் தள்ளி மேலே தூக்கிவிட்டால், மார்க்ஸ்மன் தப்பிக்கவும் திருப்பி அடிக்கவும் அவகாசம் கிடைக்கும். ஐந்து பேரை ஒன்றாக இழுக்கும் காட்சி பார்ப்பதற்கு அழகானது. ஆனால் ஆட்டங்களை அதிகம் வெல்வது இந்தத் திரும்பி வருதல்தான் என்பது என் கருத்து.

கேள்வி: எந்தக் கவசத்தை முதலில் வாங்குவது? யூடியூப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை சொல்கிறார்கள்.
– வாசகர், நல்லூர்

பதில்: வரிசையை மனப்பாடம் செய்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஆட்டத்தின் நடுவில் புள்ளிப் பலகையைத் திறந்து, எதிரணியில் யார் அதிகத் தங்கம் சேர்த்திருக்கிறார் என்று பார்த்து, அவருடைய அடி எவ்வகையானது என்பதற்கேற்ப வாங்குங்கள். அவர் மாய அடி அடிக்கும் மேஜ் என்றால் அதீனாஸ் ஷீல்ட். சாதாரண அடிகளை வேகமாக அடிக்கும் மார்க்ஸ்மன் என்றால் பிளேட் ஆர்மர். திறன்களால் உடல்சார் சேதம் விளைவிப்பவர் என்றால் ஆன்டிக் குய்ராஸ். உயிரை மீட்டுக்கொண்டே சண்டையிடும் பாத்திரங்கள் எதிரே இருந்தால் டொமினன்ஸ் ஐஸைப் பிற்போட வேண்டாம், ஏனெனில் அது அவர்களின் மீட்சியைக் குறைக்கிறது.

உயிர் அளவை மட்டும் கூட்டிக்கொண்டு போவது ஆபத்தானது. கேரி என்ற மார்க்ஸ்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவர் மீது ஐந்து குறிகளைப் பதித்ததும், அந்த நபரின் மொத்த உயிரில் ஒரு விகிதத்தை எந்தக் கவசத்தாலும் குறைக்க முடியாத சேதமாக அறுத்துவிடுகிறார். உங்கள் உயிர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய துண்டு போகும். கேரிக்கு எதிரே எந்தக் கவசமும் முழு விடையாகாது. அவர் ஐந்து அடி அடிப்பதற்கு முன் அவரைச் செயலிழக்கச் செய்வதும், அவருடைய எல்லைக்குள் தேவையின்றி நிற்காதிருப்பதுமே வழி. ஒரு பாதையில் நிற்காமல் சுற்றி வந்து அணிக்கு உதவும் ரோமருக்கான ரோம் காலணியை மட்டும் தயங்காமல் தொடக்கத்திலேயே வாங்குங்கள். அதை அணிந்தவர் பாதையில் நிற்கும் நண்பரின் தங்கத்தில் பங்கு பிடுங்குவதில்லை. கவசங்களின் எண்கள் புதுப்பிப்புகளின்போது மாறுவதுண்டு என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் கடையில் அவற்றின் விளக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

கேள்வி: ரோமராக ஆடும் பெண் நான். கொலைக் கணக்கு எப்போதும் ஒன்று இரண்டுதான். முகம் தெரியாத அணியினர் என்னால்தான் தோற்றோம் என்று எழுதுகிறார்கள். இந்தப் பாத்திரத்துக்கு உண்மையில் மதிப்பு உண்டா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: தங்கச்சி, பெரிய போட்டிகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 2021 டிசெம்பரில் சிங்கப்பூரில் நடந்த எம்3 உலகச் சம்பியன் போட்டியின் இறுதியாட்டத்தில், பிலிப்பைன்ஸின் பிளாக்லிஸ்ட் இன்டர்நஷனல் அணி, அதே நாட்டின் ஓனிக் அணியை 4–0 என்று வென்றது. வென்ற அணியின் தலைவர் 'ஓமைவீனஸ்' என்ற பெயரில் ஆடுபவர், அவர் ரோமர். இது தற்செயல் அன்று. ஒரு பாதையோடு கட்டுப்படாமல் வரைபடம் முழுவதும் நடமாடுபவருக்கே எங்கே சண்டை மூளப்போகிறது என்பது முதலில் தெரியும். எனவே அணியை வழிநடத்தவும் அவரே பொருத்தமானவர்.

உங்கள் ஆட்டத்தை நீங்களே அளக்க விரும்பினால் கொலைகளை விட்டு உதவிக் கணக்கைப் பாருங்கள். அணி எடுத்த கொலைகளில் எத்தனைக்கு நீங்கள் துணை நின்றீர்கள் என்பது பாதிக்கு மேல் இருந்தால் நீங்கள் சரியான இடங்களில் இருந்திருக்கிறீர்கள். இறப்புகளையும் தனித்தனியே பிரித்துப் பாருங்கள்: உங்கள் இறப்புக்கு ஈடாக அணிக்கு ஒரு டவரோ லோர்டோ கிடைத்திருந்தால் அதற்காக வருந்த வேண்டியதில்லை, தனியே புதருக்குள் அகப்பட்டு இறந்ததைத்தான் குறைக்க வேண்டும். வசைபாடுபவர்களின் அரட்டையை ஆட்டத்துக்குள்ளேயே முடக்கிவிடலாம். முறையிடவும் வழி உண்டு. இரண்டையும் செய்யுங்கள்.

கேள்வி: மாலை நேரத்தில் பிங் (இணைப்பின் தாமதம்) மிகவும் ஏறிவிடுகிறது. குப்ரா என்ற டாங்கை எடுத்தால் எதையும் சரியான நேரத்தில் செய்ய முடிவதில்லை.
– வாசகர், காரைநகர்

பதில்: குப்ராவின் சிறப்பே, பந்தாக உருண்டபடி, அவரைத் தாண்டிப் பாய முயலும் எதிரியைத் தடுத்து மேலே தூக்கி எறிவதுதான். அதற்கு எதிரியின் பாய்ச்சலுக்கு முன்பே நீங்கள் பந்தாகியிருக்க வேண்டும். தாமதமான இணைப்பில் அது நடவாது. பிராங்கோ என்ற டாங்க் எதிரியை இழுக்க வீசும் கொக்கியும் இதே காரணத்தால் தவறிப்போகும். இணைப்பு மந்தமான நேரங்களில் ஹைலோஸ் என்ற டாங்கை எடுத்துப் பாருங்கள். அவருடைய முதல் திறன், குறி வைத்த எதிரியை நேரடியாகச் செயலிழக்கச் செய்வதால், அரை நொடி பிந்தினாலும் பெரும்பாலும் பலிக்கும். மாலையில் தரவரிசை ஆட்டங்களைத் தவிர்த்து, அவற்றைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இணைப்பு அறுந்து ஆட்டத்தை விட்டுப் போனால் உங்கள் நன்னடத்தையைக் காட்டும் கிரெடிட் புள்ளிகளும் குறையும், மற்ற நால்வரும் டாங்க் இல்லாமல் ஆட நேரும்.